ஏரி நிரம்பும் வரை

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்ட கையோடு பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் போனை எடுத்துப் பார்ப்பார்கள். மேடம் அப்படி இல்லை. கேட்பார், பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் வரை அப்படியேதான் இருப்பார். கோபமும் இருக்காது, அவசரமும் இருக்காது. மதியத் தூக்கம் வருகிறவர் முகம் போல இருக்கும் அவர் முகம்.

அவர் மீன்வளத் துறை ஆய்வாளர். எங்கள் பக்கத்து ஏரிகளெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. அவருக்குப் பேர் உண்டு, எங்கள் ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. பள்ளிக்கூட மேடம், பேங்க் மேடம் என்று மற்றவர்களைத்தான் சேர்த்துச் சொல்வோம். வெறும் மேடம் என்றால் அவர்தான். தெற்கே ஏதோ கடலோர ஊர். வந்த புதிதில் அவர் 'என்ன' என்று இழுத்துக் கேட்பது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். போகப் போக அவரும் 'இன்னா' என்று கேட்க ஆரம்பித்தார். அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஏரிக்கரை மேல் நின்றால் மேற்கே மலை, கிழக்கே தூரத்தில் தோல் கம்பெனிகளின் தகரக் கூரை. காற்று கிழக்கேயிருந்து அடித்தால் தோல் வாடை வரும், மேற்கேயிருந்து அடித்தால் பாசி வாடை. ஊரில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற செக்‌ஷனில் இருந்தவள்தான். மீதிப் பேருக்கு நிலமும் ஏரியும்.

மேடம் முதல் முறை ஸ்கூட்டரில் வந்தார். அதற்கு முன் வந்த அதிகாரிகள் ஜீப்பை விட்டு இறங்காமலே மீனவர் சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, எந்த மீன் குஞ்சு, எந்த மாதம், யாருக்குக் குத்தகை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரை முழுக்க நடந்தார். மதகு வரை போய்த் திரும்பி வந்து வலைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். பிறகு, இந்த ஏரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

தலைவர் கோவிந்தன் அண்ணன், கவர்ன்மெண்ட்தான் மேடம் என்றார். கவர்ன்மெண்ட் ஆபீஸ் வேலூரில் இருக்கிறது, இங்கே யார் என்றார் மேடம். யாரும் பேசவில்லை. ஒரு கொக்கு மதகுக் கல்லில் வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது. அவர் பாட்டுக்கு இருந்தார். நான் மீன் தேக்சாவோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஆம்பூர்க் கடைத்தெருவில் மீன் விற்பது என் வேலை. பஸ் போய்விடுமே என்ற பயத்தில், இந்த மௌனம் முடிந்தால் போதும் என்று, "நாங்கதான் கீறோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். சங்கத்தில் இருக்கிறாயா என்று கேட்டார். சங்கத்தில் பெண்கள் கிடையாது, வீட்டுக்காரர்தான் இருக்கிறார் என்றேன். அடுத்த கூட்டத்தில், மீன் விற்கிறவர்கள் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். வெயில் ஏறி, வந்தவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்ட பிறகு, தலைவரே ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து நான் ஏரிக் கூட்டத்துக்குப் போகிறேன்.

அவர் கூட்டங்கள் லேசில் முடியாது. என்ன குஞ்சு விடலாம் என்ற ஒரு விஷயத்துக்கு வலை போடுகிறவர்கள், விற்கிறவர்கள், ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்துக்காரர்கள், ஆம்பூரிலிருந்து வேன் கொண்டுவந்து மொத்தமாக வாங்கும் சலீம் பாய் என எல்லோரும் வர வேண்டும். கட்லா வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் பக்கம் திரும்பி உங்களுக்கு என்று கேட்பார். வாயே திறக்காதவர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. அவரிடமும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த மனுஷர் வியர்த்துப் போய், விரால் இருந்தால் நல்லா இருக்கும் என்று முனகினார். சின்ன வயதில் அவர் அம்மா விரால் குழம்பு வைப்பாராம். அன்றைக்கு எல்லோரும் அவரவர் தின்ற விராலைப் பற்றிப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மலை நிழல் ஏரியில் இறங்கி, கரை ஏறி, எங்கள் மடி மேல் வந்துவிட்டது. என் கணவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஒரே பேஜாரா கீது என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

ஒரு தடவை அப்படி நடந்துகொண்டிருக்கும்போது மேலதிகாரி போன் செய்தார். மேடம் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். உத்தரவு அனுப்பி இத்தனை நாளாகிறது, இன்னும் முடிவெடுக்கவில்லையா என்று அந்தக் குரல் கத்தியது. பேசிக்கொண்டிருக்கிறோம் சார் என்றார் மேடம்.

"அந்த ஏரிக்கு நீங்க ஆபீசரா, அவங்க ஆபீசரா?"

"ரெண்டு பேரும் சார்."

போன் அணைந்தது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தன் அண்ணன் மட்டும் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

ஏரிக்கு விதிகள் வைத்தது அந்தக் காலத்தில்தான். முதல் மழையில் விரால் குஞ்சு பொரித்துக் காவல் நிற்கும்போது வலை இறங்கக் கூடாது. சின்னக் கண்ணி வலை கூடாது. எண்ணெய் டப்பாவை ஏரியில் அலசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி இருந்தது. கூடிப் பேசாமல் ஏரி விஷயத்தில் யார் எது செய்தாலும், ஏரி நிரம்பிக் கோடி போகும் வரை, உபரித் தண்ணீர் வழியும் வரை, அவர் கரை ஏறக் கூடாது. அபராதமெல்லாம் வேண்டாம், கரை ஏறாமல் இருப்பதே போதும் என்று சொன்னது கோவிந்தன் அண்ணன்தான். எல்லோரும் சரி என்றோம். மேடமும் கை தூக்கினார்.

அந்த விதியில் முதலில் மாட்டியதும் கோவிந்தன் அண்ணன்தான். மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரிய மனிதர் யாரோ வருகிறார் என்று, விரால் காவல் நிற்கிற நாளில், விடியற்காலையில் தனியாக வலை இறக்கிவிட்டார். மேடம் நினைத்திருந்தால் கேஸ் போட்டிருக்கலாம். அவர் வந்து கரையில் உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டார். தலைவர் ஆயிற்றே, யாருக்கும் வாய் வரவில்லை. மேடம் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்திருந்தார். கடைசியில் கோவிந்தன் அண்ணனே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து இறங்கிப் போனார். அந்த வருடம் நல்ல மழை. ஏரி கோடி போன காலையில், வழியும் தண்ணீருக்குள் வேட்டியோடு இறங்கி நின்று அவர் சிரித்த சிரிப்பை ஊரே பார்த்தது. மேடத்தின் மேல் அவருக்கு அதற்குப் பிறகு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. மரியாதை கூடியிருந்தது.

சில நாள் காலையில் வேலை ஒன்றும் இல்லாமலே மேடம் வருவார். கரையில் தனியாக நிற்பார். பனி ஏரி மேல் படுத்திருக்கும். பரிசலில் போகிறவர் இடுப்புக்குக் கீழே தெரியாது, பனி மேல் ஆள் மட்டும் மிதந்து போவது போல இருக்கும். உள்ளேயிருந்து துடுப்புச் சத்தமும், யாரோ உருதுப் பாட்டு ஒன்றை முனகுவதும் கேட்கும். அந்த நேரத்தில் மேடத்தோடு பேசினால் அவர் காதில் விழாது. ஒரு நாள் நான் பக்கத்தில் போய் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, இந்தத் தண்ணீர் யாருக்காகவும் அவசரப்படவில்லை பார் என்றார். அவ்வளவுதான். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வியாபாரத்தில் மனசே போகவில்லை.

அவர் தனியாக முடிவெடுத்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

கோடையில் ஒரு ராத்திரி பெரிய மழை பெய்தது. ஏரிக்கு வரும் ஓடைக்கு மேலே, புதருக்குள், பேர்ப் பலகை இல்லாத தோல் ஷெட்டுகள் இருந்தன. மழையைச் சாக்கு வைத்து யாரோ தோல் ஊறிய தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. விடிகிறபோது ஓடை வாயில் தண்ணீர் கரி கரைத்த மாதிரி இருந்தது. ஏரி முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எல்லாம் உயிரோடுதான் இருந்தன. அந்தச் சத்தம், மெல்லிய சப் சப் என்ற சத்தம், கரை முழுக்கக் கேட்டது.

விட்டால் செத்து மிதக்கும் என்று எல்லோரும் வலையோடு இறங்கினோம். என் கணவர் கழுத்துத் தண்ணீரில் நின்று இழுத்தார். பெண்கள் நாங்கள் அள்ளி அள்ளிக் கொட்டினோம். துள்ளுகிற மீன், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அது ஞாயிற்றுக்கிழமை. சலீம் பாய் வேனைக் கரையை ஒட்டி நிறுத்தி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருட உழைப்பு மொத்தமும் அந்த வேனில் ஏறிக்கொண்டிருந்தது. அதை வைத்து நாங்கள் வீட்டுக்குக் கூரை போடுவதாக இருந்தோம். இன்னொருவர் மகளை நர்சிங் சேர்ப்பதாக இருந்தார்.

மேடம் நனைந்த ரெயின்கோட்டோடு வந்தார். நேரே ஓடை வாய்க்குப் போனார். குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். திரும்பி வந்து வேன் கதவுக்கு முன்னால் நின்றார்.

"இந்த மீன் போகாது" என்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. கோவிந்தன் அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, உட்கார்ந்து பேசலாம் மேடம், எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்றார்.

"பேச மாட்டேன் அண்ணே. கேட்டா எல்லாரும் விக்கலாம்னு சொல்லுவீங்க. அதுக்கப்புறம் நான் வேணாம்னு சொல்ல முடியாது. அதனால கேக்கல."

என் கணவர் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். மீன் உயிரோடு துள்ளுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தினார். அவர் யாரிடமும் கத்துகிறவர் இல்லை. மேடம் நகரவில்லை. அவர் கை கதவுக் கம்பியைப் பிடித்திருந்தது. சலீம் பாய் ஐஸ் உடைப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு ஏறி எஞ்சினை அணைத்து சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிற்பாடு ஒரு நாள் கடைத்தெருவில் நான் அதைப் பற்றி சலீம் பாயிடம் கேட்டேன். "அதுல ஒரு மீன நம்ம வீட்டுக்கு எடுத்துனு போவோமான்னு மனசுல கேட்டுப் பார்த்தேன்மா. பதில் வரல. அதான் சாவிய எடுத்துட்டேன்" என்றார்.

மீனையெல்லாம் கரைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். அன்றைக்கு மேடத்தோடு யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் பாட்டிலில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரொம்ப நாள் கழித்து வந்த முடிவில், தின்றால் கெடுதல் என்றும் திட்டமாகச் சொல்ல முடியாது, கெடுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று இருந்தது. மேடம் அதை அப்படியே எங்களுக்குப் படித்துக் காட்டினார். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை என்றார்.

அது பிறகு. அதற்கு முன்பே, மீன் புதைத்த வாரமே, அவர் கூட்டம் கூட்டினார். கரை மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது. நான் கூடிப் பேசாமல் ஒன்று செய்தேன், விதி எனக்கும் உண்டுதானே என்று கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம் போலத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மேல் எங்களுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அவர் கவர்ன்மெண்ட் ஆள், இது அவர் உத்தியோகம், அவருக்குப் போய் விதியா என்று ஒருவர் சொன்னார். மேடம் அசையவில்லை. ஏரி மேல் மேகத்தின் நிழல் ஒன்று மெதுவாக ஊர்ந்து எங்களைக் கடந்து போனது. அது போன பிறகு கோவிந்தன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம் என்றார்.

அவர் எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, கரைப் படியில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகும் வாரா வாரம் வந்தார். ஆனால் கீழே தார் ரோட்டிலேயே நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கரைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. குஞ்சு விடுகிற அன்று லாரி மேலே போனது, அவர் ரோட்டில் நின்று எனக்குப் போன் செய்தார்.

"கலா, தண்ணி எப்படி இருக்கு, சொல்லு."

நல்லா இருக்கு மேடம் என்றேன். அவர் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை நிரப்ப நான் ஏரியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓடை வாயில் தெளிந்திருக்கிறது, மதகுப் பக்கம் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது, காற்றில் சின்னச் சின்னதாகச் சுருக்கம் விழுகிறது, குஞ்சுகள் பையிலிருந்து விழுந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றாக நின்றுவிட்டுப் பிறகு கலைகின்றன என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரி. அதைச் சொல்ல என்னிடம் இத்தனை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க நான்தான் அவருக்குப் பார்த்துச் சொன்னேன். சில நாள் சொல்லி முடித்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருப்போம். வீட்டுக்கு வந்து தூங்கினால் ஏரி கனவில் வரும்.

மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோதும் மேடம் கரை ஏறவில்லை. எனக்கு அனுமதி இல்லை சார் என்று சொல்லி ரோட்டிலேயே நின்றுகொண்டார். வந்த அதிகாரிக்குப் புரியவில்லை. தனியாக மேலே வந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மழை ஏமாற்றிவிட்டது. ஏரி முக்காலுக்கு வந்து நின்றது. விதியை எடுத்துவிடலாமா என்று கோவிந்தன் அண்ணன் ஒரு முறை மேடத்திடம் கேட்டார். எனக்காக எடுத்தால் நாளைக்கு யாருக்காக வைப்பீர்கள் என்றார் அவர். ஓடைக்கு மேலே இருந்த ஷெட்டுகளை மூட வைக்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. இரண்டை மூடினார்கள். மற்றவை இருக்கின்றன. இப்போது மழை பெய்தால் எங்களில் யாராவது ஓடை வாயில் போய் நிற்கிறோம்.

பிறகு மாற்றல் உத்தரவு வந்தது. தெற்கே எங்கோ.

கடைசி நாள் அவர் ரோட்டில் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் கரையிலிருந்து இறங்கி அவரிடம் போனோம். சலீம் பாயும் வந்திருந்தார். பஸ் போகிற ரோட்டின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கோவிந்தன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். நாளையிலிருந்து மேடம் இந்த ஏரிக்கு ஆபீசர் இல்லை, வந்து பார்க்கிற விருந்தாளிதான், விருந்தாளிக்கு விதி கிடையாது, அதனால் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. என் கணவர் முகம்கூட.

மேடம் சிரித்தார். அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்டார்.

போகலாம் மேடம், வாங்க மேடம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வாய் திறக்காதவரும் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். திரும்பிவிட்டு, காத்திருந்தார்.

எனக்கு அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. போனில் சொன்னதையெல்லாம் காட்ட வேண்டும் போல இருந்தது. ஒரு பஸ் வந்து, தூசி கிளப்பி, போனது.

"ஏரி இன்னும் நெம்பல மேடம்" என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது வருத்தம் இல்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஸ்கூட்டர் ஆம்பூர்ப் பக்கம் திரும்பி, தகரக் கூரைகள் மின்னுகிற திசையில் சின்னதாகிப் போனது.

என் கணவரும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் தாங்காமல் கேட்டார்.

"இன்னாத்துக்கு அப்படி சொன்ன?"

"என்னையக் கேட்டாங்க. சொன்னேன்."